நங்கூரம் போட வேண்டாம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா, இல்லை இன்னும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே "போட்டுட்டேன்" என்கிறாரா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. புது உத்தரவு. துறைமுகக் குடியிருப்புக்குள் கைபேசி கூடாது. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வரவேண்டும். கடிதம் எழுதுவது இன்னும் குற்றமாகவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எல்லாம் நம் அண்டைவீட்டுக்காரர்களால் வந்த வினை. கப்பல் அணையும் புது வார்ஃபைக் குத்தகைக்கு எடுத்திருப்பது ஒரு பெரிய நாடு. எண்ணெய் நிரப்பிக்கொள்ளப் போர்க்கப்பல் அனுப்புவது இன்னொரு பெரிய நாடு. கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்கள் நாங்கள் எங்கள் அறையில் நாட்டின் பெயரைச் சொல்வதில்லை. முதலாமவர் மாடிவீட்டுக்காரர், இரண்டாமவர் எதிர்வீட்டுக்காரர். நாம் நடுவில் இருக்கும் சந்து. இரண்டு பேரும் சந்தில்தான் குப்பை கொட்டுவார்கள். பிறகு சந்து சுத்தமாக இல்லையே என்று கவலைப்படுவார்கள்.

போன வாரம் மாடிவீட்டுக்காரரின் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று வந்தது. நான்தான் வடக்கு நங்கூரத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மீன் ஆராய்ச்சி என்றார் கேப்டன். எங்கள் படகோட்டி அந்தக் கப்பலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், இது மீன் பிடிக்கிற மூஞ்சியா சொல்லுங்க" என்றான். இரண்டு நாள் அங்கேயே நின்றது. திரும்ப வெளியே கொண்டுபோனதும் நான்தான். ஏறும்முன் வழக்கம்போல, கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் அதன் உடம்பிலுள்ள அளவுக் கோடுகளைப் படித்தேன். முன்பக்கம் வந்தபடியே இருந்தது. பின்பக்கம் மட்டும் கிட்டத்தட்ட ஒரு சாண் மேலே வந்திருந்தது. எதையும் கரையில் இறக்கவில்லை. உனக்கு இதெல்லாம் பிடிக்குமே என்று எழுதினேன்.

நம் குட்டி, அத்தைக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள்.

உன் தம்பி


ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். அத்தான் மாத்திரையை இப்போது என் கண்ணெதிரில் விழுங்குகிறார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்தும் காட்டுகிறார்.

ஒரு சாண் என்கிறாய். அலை இருந்ததா? படகிலிருந்து பார்த்தாயா, ஏணியிலிருந்தா? கப்பல் என்றால் எண்ணெய் எரியும், தண்ணீர் தீரும், பேலஸ்ட் தொட்டியில் எடைக்கு நிரப்பிய கடல்நீரை வெளியே இறைப்பார்கள். இவற்றில் எதனாலும் பின்பக்கம் மேலே வரலாம். கடல் வரைபட அலுவலகத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்து நான் கற்றது ஒன்றுதான்: கடலில் ஏதோ பார்த்தேன் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் தாங்கள் எதிர்பார்த்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எதற்கும் கேட்டுவைக்கிறேன். சரியாக எந்த இடத்தில் நின்றது?

உன் வீட்டுக்காரியையும் குட்டியையும் விசாரித்ததாகச் சொல். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். அத்தான் வாயைத் திறந்து காட்டும் காட்சியை நினைத்து நானும் அவளும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. படகைக் கப்பலின் பின்பக்கமே நிறுத்திப் படித்தேன். எண்ணெயும் தண்ணீரும் தீர்ந்திருக்கும் என்கிறாய். தீரவில்லை, இங்கே நிரப்பினார்கள். நம் எண்ணெய்ப் படகு போய்க் கொடுத்துவிட்டு வந்தது. அப்படியானால் கப்பல் இன்னும் அமிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? பேலஸ்ட் இறைக்கவில்லை, இறைத்தால் பக்கவாட்டில் தண்ணீர் கொட்டுவது துறைமுகம் முழுக்கத் தெரியும். கப்பலின் பின்பக்கம் பெரிய கிரேன் ஒன்று இருக்கிறது. வந்தபோது அதன் கீழே தார்ப்பாய் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். போனபோது தார்ப்பாயை மடித்து வைத்திருந்தார்கள்.

இடம்: வடக்கு மணல்திட்டின் உள்பக்கம். கலங்கரை விளக்கமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்திலிருந்து சற்றே கிழக்கு. பருவக்காற்றில் எண்ணெய்க் கப்பல்கள் ஒதுங்கும் இடம் அதுதான், உனக்கே தெரியும். கீழே ஏதாவது கிடந்து ஒருவனுடைய நங்கூரம் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நீ சொன்னால் சரி. நான் வெறும் பைலட். கப்பலை உள்ளே கொண்டுவருவேன், வெளியே கொண்டுபோவேன், கொடுத்தால் ஒரு தேநீர் குடிப்பேன்.

உன் தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம்தானே? இங்கே அத்தானுக்கு இருமல். வேறு குறையில்லை.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் படித்தேன், கிடைக்கவில்லை. இந்த வார மாலுமிகளுக்கான அறிவிப்பில் சேர்த்துவிட்டேன். "வடக்கு நங்கூரத் துறை: கடலடியில் தடை இருப்பதாகத் தகவல். இடம் தோராயமானது. நங்கூரம் போட வேண்டாம்." அவ்வளவுதான். யார் சொன்னது என்றோ, எந்தக் கப்பல் என்றோ ஒரு வார்த்தை இல்லை. பாறையோ, உடைந்த படகோ, வேறு எதுவோ, வரைபடத்துக்கு அது அக்கறையில்லை. கீழே ஏதோ இருக்கிறது என்றால் மேலே வருகிறவனுக்குச் சொல்லிவிட வேண்டும்.

மேலே கேட்டிருக்க வேண்டுமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆபத்துத் தகவலை எங்கள் பிரிவு யாரையும் கேட்காமல் வெளியிடலாம் என்பது பழைய நடைமுறை. அதை நான் மாற்றப்போவதில்லை.

நான்கைந்து மாதத்துக்குள் எங்கள் அளவைப் படகு வந்து அந்த இடத்தை முறையாக அளந்துவிடும். அதுவரை அங்கே யாரையும் நிறுத்தாதே.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் இருமலுக்கு வெந்நீர் கொடு. மருந்தைவிட அதுதான் நல்லது.

அறிவிப்பைப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். கச்சிதம்.

இங்கே ஒரே பரபரப்பு. எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு கப்பல் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று கடலடியைத் துழாவும் கப்பல், மற்றது அதற்குத் துணைக்கு வந்த போர்க்கப்பல். வழியில் தடை இருப்பதாக உலகத்துக்கே அறிவிப்பு வந்திருக்கிறதாம். நட்பு நாடு என்ற முறையில் சுத்தம் செய்து தருகிறார்களாம். மாடிவீட்டுக்காரர்களும் சும்மா இருப்பார்களா? தங்கள் வார்ஃபுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர்களும் இரண்டு கப்பலைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிட்டார்கள். பைலட் அறைக் கிழவர், "சந்துல இப்போ சைக்கிள் போகக்கூட இடமில்ல" என்கிறார்.

குட்டி நன்றாகப் படிக்கிறாள். வேறு ஒன்றுமில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

போன வாரம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேசினார், மற்றவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்தத் தகவல் எங்கேருந்து வந்துச்சு?"

"கடல்ல வேலை செய்யறவங்ககிட்டேருந்து வரும். பேரைச் சொல்ற வழக்கமில்லை."

"நட்பு நாட்டு ஆராய்ச்சிக் கப்பல் நின்ன இடம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வரைபடத்துல நட்பு நாடு, பகை நாடுன்னு குறி கிடையாது சார்."

இயக்குநர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். பாவம், நல்ல மனிதர்.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? எங்கள் அளவைப் படகு புறப்பட்டுப் போனது. திட்டை நெருங்கும்முன் இரண்டு பக்கத்துக் கப்பல்களும் தனித்தனியே செய்தி அனுப்பின, அதே வாசகத்தில்: உங்கள் பாதுகாப்பை முன்னிட்டுத் திரும்பிச் செல்லவும். நம் கடலில் நம் படகு திரும்பி வந்துவிட்டது. அங்கே ஏதாவது இருக்கிறதா என்று நான் இனி அளந்து பார்க்க வழியில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்திருந்தாலும் சொல்ல மாட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கிளம்ப வேண்டியிருக்கும்.

உன் மார்ச் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "நன்றாக எழுதியிருக்கிறாய்" என்கிறாய். நான் அறிவிப்பு போட்டது உனக்கு ஆச்சரியமாக இல்லையா? அந்தக் கப்பலோடு உள்ளேயும் வெளியேயும் போன பைலட் நீ ஒருவன்தான். பயந்திருக்க வேண்டாமா? இன்னொன்று. சந்தேகம் வந்தால் பைலட் துறைமுக அதிகாரிக்குத்தானே எழுத வேண்டும். எனக்கு ஏன் எழுதினாய்?

சும்மா கேட்கிறேன். பதில் போடு.

அக்கா


மே 19

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். அண்ணனும் நீங்களும் சௌக்கியமா? நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும். அவர் உங்களுக்குப் பதில் போடவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் பிரித்தபடியே மேசையில் கிடக்கிறது. எங்களுக்கு முன்னால் வேறு யாரோ பிரித்த மாதிரியும் இருக்கிறது.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தினமும் காலையில் விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள். சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். நட்பு நாட்டுக் கப்பலைப் பற்றி வெளியே சொன்னார் என்று வழக்குப் போடப்போகிறார்களாம். போட்டால் ஜெயில்தான் என்கிறார்கள். குடியிருப்பில் யாரும் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுவதைக்கூடப் பின்பக்கம் மாற்றிக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை அண்ணி. ஒரு விஷயம் மட்டும் மனசில் குத்திக்கொண்டே இருக்கிறது. எதிர்வீட்டுக் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். வாசனை அவருக்கு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார், சென்ட்டுக்காரர் என்போம். அந்த ஆராய்ச்சிக் கப்பல் வருவதற்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். நான் தேநீர் கொண்டுபோனபோது அவர் கேட்டார், "உங்க அக்கா இன்னும் அந்த வரைபட ஆபீஸ்லதானே இருக்காங்க? ரொம்பக் கறாராமே?" இவர் சிரித்தார். "கறாரா? கடலுக்கு அடியில ஒரு பழைய செருப்பு கிடக்குன்னு சொன்னாக்கூட மேப்புல போடாம தூங்க மாட்டா." அவரும் சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் இவர், வருஷக் கடைசிக்குள் வேறு நாட்டுத் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிடும், குட்டியை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். இப்போது சென்ட்டுக்காரர் இந்தப் பக்கமே வருவதில்லை.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 3

தம்பி,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் எங்கள் அளவைக் குழுவின் ஓட்டுநர். நம்பலாம் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் அதற்கு மேல் சொல்ல முடிவதில்லை. ஒரு வாரம் அங்கே தங்குவார். பதிலை அவர் கையிலேயே கொடு. தபாலில் போடாதே.

இயக்குநர் ஒரு வழி சொல்கிறார். அறிவிப்பை ரத்து செய்து நான் கையெழுத்துப் போட வேண்டும். மேசையில் நடந்த பிழை, தடை என்று எதுவும் இல்லை, தவறு என்னுடையது என்று. பிழை என்று ஆகிவிட்டால் எதுவும் கசியவில்லை. கசியாத ஒன்றுக்கு வழக்கு இல்லை. நீ வேலைக்குத் திரும்பலாம். "உங்க தம்பிங்கறதை நான் மறந்துட்டேன்னு வச்சுக்குங்க" என்றார். ரத்துக் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாத முடிவு வரைதான் அவரால் தள்ளிப்போட முடியும்.

கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமில்லை. பெயர் கெடும், கெடட்டும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போட மாட்டேன்.

கப்பல் வருவதற்கு முந்தின வாரமே உன் வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்காதே, யாரையும் கோபிக்காதே. இப்போது எனக்கு இரண்டு விதமாகத் தோன்றுகிறது. ஒன்று, நீ உண்மையாகவே பார்த்தாய். சென்ட்டுக்காரர் அதை எனக்கு எழுதச் சொன்னார். மற்றது, நீ எதையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கப்பல்கள் உள்ளே வர ஒரு காரணம் வேண்டியிருந்தது, அந்தக் காரணத்தை நான் எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் ஒரு சாண், தார்ப்பாய், கிரேன் என்று எனக்குப் பிடித்த மாதிரி எழுதி அனுப்பினாய்.

முதலாவது என்றால், கீழே ஏதோ கிடக்கிறது. நான் ரத்து செய்தால் இந்தப் பருவக்காற்றில் ஏதாவது எண்ணெய்க் கப்பல் அங்கே ஒதுங்கும். நங்கூரம் சிக்கினால் சங்கிலியை அறுத்துக்கொண்டு திட்டில் ஏறும். அதில் ஆட்கள் இருப்பார்கள். உன்னைக் காப்பாற்ற அதைச் செய்ய என்னால் முடியாது.

இரண்டாவது என்றால், நான் வரைபடத்தில் ஒரு பொய்யை எழுதியிருக்கிறேன். அதைத் துடைப்பது என் கடமை. நீயும் வெளியே வந்துவிடுவாய். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

எது? ஒரு வார்த்தை போதும்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அத்தானின் இருமல் நின்றதா? வெந்நீர் கொடுத்தாயா? இங்கே வெயில் தாங்கவில்லை. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், உன்னிடம் காட்டவேண்டுமாம். அவள் அம்மாவுக்குத்தான் தூக்கம் சரியில்லை. எனக்கு ஒன்றுமில்லை. உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது, நல்லதுதான் என்கிறார்கள்.

கையெழுத்துப் போடு அக்கா. அங்கே தாராளமாக நங்கூரம் போடலாம். நானே கொண்டுபோய் நிறுத்துவேன்.

உன் ஓட்டுநர் நல்ல மனிதர். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று இவள் பிடித்து வைத்திருக்கிறாள். முழங்காலைப் பார்த்துக்கொள். படியேறாதே.

உன் தம்பி


ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

உன்மேல் வழக்குப் போடுவதைக் கைவிட்ட செய்தி எனக்கும் வந்தது. நீ வேலைக்குத் திரும்பிவிட்டாய் என்று உன் வீட்டுக்காரி எழுதியிருந்தாள். நிம்மதி. அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது.

நடந்ததை நீ என் வாயால் கேட்கவேண்டும். நான் ரத்து செய்யவில்லை. உன் கடிதத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். குட்டியின் பல்லைப் பற்றி எழுதியிருந்தாய், வெந்நீரைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நங்கூரம் போடலாம் என்கிறாய். பிப்ரவரியில் மாட்டினால் என்ன ஆகும் என்று எழுதியவனும் நீதான். இரண்டும் ஒரே கையெழுத்து.

எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. யாரோ ஒருவர் பார்த்ததாகச் சொல்லி, பிறகு யாராலும் உறுதிப்படுத்த முடியாமல் போனதை வரைபடத்திலிருந்து எடுக்க மாட்டோம். பக்கத்தில் "இருப்பது ஐயம்" என்று எழுதிவைப்போம். பழைய வரைபடங்களில் யாரும் திரும்பப் பார்க்காத பாறைகள் அப்படி நிறைய நிற்கின்றன. கப்பல்கள் சுற்றிக்கொண்டு போகும். சின்னச் சுற்றுதான், யாருக்கும் நஷ்டமில்லை. அதைத்தான் போட்டேன்.

இயக்குநர் படித்துவிட்டு, "என்னம்மா இது, ரத்துமில்ல, உறுதியுமில்ல?" என்றார். "தெரிஞ்சது அவ்வளவுதான் சார்" என்றேன். அவர் பயந்துகொண்டே மேலே அனுப்பினார். அங்கே எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஐயம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம் என்கிறார்கள் மாடிவீட்டுக்காரர்கள். எடுக்கவில்லையே, அப்படியானால் இருக்கிறது என்கிறார்கள் எதிர்வீட்டுக்காரர்கள். அவர்கள் கப்பல்கள் இன்னும் போகவில்லை. உன் விஷயத்தில், இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றை வெளியே சொன்னதாக ஒருவன்மேல் வழக்குப் போட முடியாது என்று அரசு வழக்கறிஞரே சொல்லிவிட்டாராம். பைலட் வேலைக்கு விடாமல் அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தகவல் தந்தவரின் சொல் ஐயத்துக்குரியது என்று அரசு அறிவிப்பிலேயே வந்துவிட்ட பிறகு, உன்னை நம்பிக் கப்பலைக் கொடுக்க மாட்டார்கள். அதைச் செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன்.

விடுமுறைக்குக் குட்டியையும் அவள் அம்மாவையும் இங்கே அனுப்பு. குட்டி எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

நீ இப்போது வரவேண்டாம். வந்தால் கேட்பேன். நீயும் ஏதாவது சொல்வாய். அதை நம்புவேனா என்று எனக்கே தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா